மூடிய கோப்பு எங்கே போகிறது: அரச சட்ட அலுவலகத்தில் ஆவணங்களைப் பேணலும் அழித்தலும்

கொழும்பில் ஏதாவது ஒரு திணைக்களத்தின் சட்டப் பிரிவிலோ நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடைப் பக்கத்து அலுவலகம் ஒன்றிலோ கடமையேற்று இரண்டு மாதம் ஆவதற்குள், "பதிவறையில இடமில்ல, பழசுகளப் பாத்து ஒதுக்குங்கோ" என்ற வேலை உங்களிடம் வந்து சேரும். வாய்ச்சொல்லாக வந்த அந்தக் கட்டளையை வைத்துக்கொண்டு ஒரு தாளைக்கூட அகற்ற வேண்டாம். அகற்ற முடியாது என்பதல்ல. ஒழுங்காகச் செய்தால் அலுமாரிகள் காலியாகும், உங்களுக்கும் ஒன்றும் நேராது. ஆனால் ஒரு கோப்பு இல்லாமல் போனால், அது ஏன் இல்லை என்பதற்கு வேறொரு தாள் பதில் சொல்ல வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தத் தாளை உண்டாக்குவதற்காகத்தான்.

முதலில், அலுமாரியில் இருப்பது என்ன?

ஒரே தட்டில் நான்கு வகைச் சாமான்கள் கலந்திருக்கும். அவற்றைப் பிரிக்காமல் கால எல்லையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

முதல் வகை, உங்கள் அலுவலகமே உருவாக்கிய அல்லது கடமையின்போது பெற்ற ஆவணங்கள்: வழக்குக் கோப்பு, சட்ட ஆலோசனைக் கோப்பு, குறிப்புத் தாள்கள், கடிதங்கள், பதிவேடுகள். சட்டம் 'பொது ஆவணம்' என்று பார்ப்பது இவற்றையே.

இரண்டாவது வகை, அடுத்தவரின் அசல்கள். காணி உறுதி, நில அளவைப் படம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், ஒப்பந்தத்தின் கையொப்பமிட்ட மூலப் பிரதி, பொலிஸார் தந்த விசாரணைப் புத்தகச் சாறு (அதிலிருந்து எடுத்த பகுதி). அறிவுறுத்தல் தந்த திணைக்களமோ சாட்சியோ வழக்குக்காகக் கொடுத்துவிட்டுப் போனவை. இவை உங்களுடையவை அல்ல என்பதால், இவற்றை அழிக்க உங்களுக்கு யாரும் அனுமதி தர முடியாது. திருப்பிக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குவது ஒன்றே வழி.

மூன்றாவது, மேலதிகப் பிரதிகள். ஒரே மனுவின் ஐந்து போட்டோப் பிரதிகள், ஆளுக்கொன்றாக எடுத்த தீர்ப்புப் பிரதிகள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: சட்டத்தரணி ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதிய பிரதி மேலதிகப் பிரதி அல்ல. வாதத்தின் போக்கு அந்தக் கிறுக்கலில்தான் இருக்கும்.

நான்காவது, ஆவணமே அல்லாதவை. வெற்றுப் படிவங்கள், விலைப்பட்டியல்கள், அழைப்பிதழ்கள், பழைய தொலைபேசிக் கையேடுகள். மேலதிகப் பிரதிகளையும் இவற்றையும் பிரிவுத் தலைவரின் ஒரு குறிப்போடு அகற்றலாம். பல அலுவலகங்களில் பதிவறையின் நெரிசலில் கணிசமான பகுதி இந்த இரண்டுமாகவே இருக்கும். அழிப்பு அனுமதிக்கு எழுதுவதற்கு முன் இவற்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். சிலவேளை இடப் பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிடும்.

யாரைக் கேட்க வேண்டும்

1973 இன் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டத்தின்படி, அரச அலுவலகமொன்றின் ஆவணங்களை அலுவலகத் தலைவர் தன் விருப்பத்துக்கு அழிக்க முடியாது. கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தையிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தின் பணிப்பாளரது அங்கீகாரம் வேண்டும். எந்த வகைக் கோப்பை எவ்வளவு காலம் வைத்திருப்பது, பிறகு அழிப்பதா சுவடிக்கூடத்துக்கு ஒப்படைப்பதா என்பதைச் சொல்லும் கால அட்டவணையை அலுவலகம் தயாரித்து, அந்தத் திணைக்களத்தின் இணக்கத்தைப் பெற்றிருக்க வேண்டும். கடமையேற்றதும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "எங்கட அட்டவணை எங்க?" இல்லை என்று பதில் வந்தால், அழிப்பு வேலையை நிறுத்திவிட்டு அட்டவணை வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது 2016 இன் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். பலர் இதைத் தகவல் கொடுக்கும் சட்டமாக மட்டுமே பார்க்கிறார்கள். அதன் 7ஆம் பிரிவு ஆவணங்களை வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் காலத்தையும் சொல்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஏற்கெனவே இருந்த ஆவணங்களுக்கு அந்த நாளிலிருந்து 10 வருடம். அதன்பின் உருவானவற்றுக்கு உருவான நாளிலிருந்து 12 வருடம். இதைவிடக் குறைந்த காலத்தை உங்கள் பழைய அட்டவணை சொன்னால் அட்டவணையைத் திருத்த வேண்டும்.

சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3 அன்று. ஆகவே பழைய ஆவணங்களுக்கான 10 வருடம் 2027 பெப்ரவரியில் ஒரே நாளில் நிறைவடைகிறது. 1960ஆம் ஆண்டுக் கோப்பும் 2016ஆம் ஆண்டுக் கோப்பும் அந்த ஒரே வாசலில் நிற்கின்றன. இடமில்லாத அலுவலகங்கள் லொறி பிடித்து ஒரேயடியாக வெளியேற்ற ஆசைப்படும். அந்த நாளோடு விலகுவது ஒரு தடை மட்டுமே. அட்டவணையும், சுவடிகள் பணிப்பாளரின் அங்கீகாரமும், வேறு சட்டங்களின் காலவரம்புகளும் அப்படியே இருக்கும்.

இன்னொரு தப்பபிப்பிராயம்: சட்ட ஆலோசனைக் கடிதங்கள் தகவலுரிமையிலிருந்து விலக்களிக்கப்பட்டவை, எனவே இந்த 12 வருடம் அவற்றுக்கில்லை என்பது. 5ஆம் பிரிவின் விலக்கு வெளியிடாமல் இருப்பதற்கு மட்டுமே. பேணும் கடமையிலிருந்து அது யாரையும் விடுவிக்கவில்லை.

கோப்பை மூடும் நாள்

அழிப்பில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை அழிக்கும் நாளில் உண்டாவதில்லை. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன், கோப்பை மூடியவர் ஒன்றும் எழுதாமல் 'பீ.ஏ.' (எடுத்து வைக்கவும்) என்று மட்டும் போட்டு அனுப்பிய நாளில் உண்டாகின்றன. வழக்கைத் தெரிந்தவர் அந்த நாளில் கோப்பைக் கையில் வைத்திருந்தார். இப்போது அவர் ஓய்வுபெற்றிருப்பார், இருநூறு பக்கத்தையும் நீங்கள் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஆகவே மூடும் நாளில் ஒரு கோப்புக்கு அரை மணித்தியாலம் செலவிடுங்கள்.

வழக்கு உண்மையில் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். தீர்ப்பு வந்தது முடிவு அல்ல. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பென்றால் மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாள், மேன்முறையீட்டு மனுவுக்கு 60 நாள். மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பென்றால் உயர் நீதிமன்றத்தில் விசேட அனுமதி கேட்க 6 கிழமை. இவை கழிந்தபின் நீதிமன்றப் பதிவகத்தில் விசாரித்து, "மேன்முறையீடு இல்லை" என்று திகதியோடு குறிப்பெழுதுங்கள். அடுத்து, தீர்ப்பில் சொன்னது நடந்ததா? நட்டஈடு கட்டியாயிற்றா, செலவுத்தொகை அறவிட்டாயிற்றா? அரசுக்குச் சார்பான பண ஆணை அறவிடப்படாமல் கிடந்தால் கோப்பை மூடவே கூடாது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 337ஆம் பிரிவின் கீழ் ஆணையை நிறைவேற்ற 10 வருடம் இருக்கிறது.

சட்டமா அதிபருக்கு அதே சட்டக்கோவையின் 461ஆம் பிரிவின் கீழ் ஒரு மாத அறிவித்தல் வந்து, வழக்கு வராமலே போன கோப்புகளும் உண்டு. மாதம் கழிந்ததும் மூடிவிடுவது வழக்கமான தவறு. அந்த ஒரு மாதம் வழக்குத் தொடர்வதற்கு முன் காத்திருக்க வேண்டிய காலம் மட்டுமே. வழக்கு அதன் பிறகுதான் வரும், காலவரம்பு முடியும் வரை எப்போதும் வரலாம்.

பிறகு அசல்களைப் பிரித்தெடுங்கள். ஒவ்வொன்றையும் உரியவருக்குப் பதிவுத் தபாலில் அல்லது கைச்சாத்து வாங்கி நேரில் அனுப்பி, அசல் இருந்த இடத்தில் ஒரு பிரதியையும் பற்றுச்சீட்டையும் வையுங்கள். மூடும்போதே இதைச் செய்தால் முகவரி சரியாக இருக்கும். பன்னிரண்டு வருடம் கழித்து உறுதியின் சொந்தக்காரரைத் தேடுவது எவ்வளவு பாடு என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது கைவேலை. குண்டூசி, கிளிப், இறப்பர் பட்டி எல்லாவற்றையும் கழற்றுங்கள். கொழும்பின் ஈரத்தில் குண்டூசி சில மழைக்காலங்களிலேயே துருப்பிடித்துத் தாளைத் துளைக்கும், இறப்பர் உருகி ஒட்டும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டோப் பிரதி இருந்தால் வெளியே எடுங்கள். சூட்டில் மை உறையில் ஒட்டி, எழுத்து தாளை விட்டுப் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். பழைய தொலைநகல் சுருள் தாள் மங்கி வெறுமையாகும் இனம், சாதாரணத் தாளில் பிரதியெடுத்து இரண்டையும் சேர்த்து வையுங்கள். பக்க இலக்கங்களை மேல் வலது மூலையில் பென்சிலால் இடுங்கள்.

கடைசியாக அட்டையின் உட்பக்கத்தில் முடிவுச் சீட்டு ஒன்றை ஒட்டுங்கள். அதில் கோப்பு இலக்கம், மொத்தப் பக்கங்கள், கடைசித் தாளின் திகதி, அட்டவணையில் எந்த வகை, மீளாய்வு செய்யக்கூடிய முதலாவது ஆண்டு, ஏன் அந்த ஆண்டு என்பதற்கு ஒரு வரி, வழக்கைக் கையாண்ட சட்டத்தரணியின் கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். பதிவறைக்குள் சீட்டில்லாத கோப்பை ஏற்கக்கூடாது என்று ஒரு விதி வைத்தால் ஒரு மாதம் சண்டை நடக்கும், பிறகு பழகிவிடும்.

எத்தனை வருடம்?

காலத்தைக் கோப்பைத் திறந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள், கடைசித் தாளிலிருந்து எண்ணுங்கள். 2018இல் திறந்து 2026இல் கடைசிக் கடிதம் சேர்ந்த கோப்புக்கு 12 வருடம் நிறைவது 2038இல். இதனால்தான் மூடிய கோப்பில் புதிய தாள் சேர்க்கக்கூடாது. யாரோ ஒருவர் தகவலுரிமைக் கோரிக்கையின் பதிலைப் பழைய கோப்பில் கோத்துவிட்டால், எண்ணிக்கை மீண்டும் தொடங்கும். புதிதாக வருவதற்கு உப கோப்பு திறந்து, பழைய இலக்கத்தைக் குறிப்பிட்டால் போதும்.

ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் (1871 இன் 22ஆம் இலக்கம்) வழக்குத் தொடர, எழுத்திலான ஒப்பந்தத்துக்கு 6 வருடமும், எழுத்தில்லாததற்கு 3 வருடமும், தீங்கியல் (ஒருவர் இழைத்த தீங்குக்கான) நட்டஈட்டுக்கு 2 வருடமும் தருகிறது. தகவலுரிமைச் சட்டத்தின் 12 வருடம் இவற்றையெல்லாம் மூடி நிற்பதால், சாதாரண ஒப்பந்தக் கோப்பில் இந்த எண்களுக்காகத் தலையை உடைக்கத் தேவையில்லை. 12ஐத் தாண்டிப் போகும் வகைகளில்தான் கவனம் வேண்டும்.

காணி: அரசின் உரிமைகளை அந்தக் கட்டளைச் சட்டம் பாதிப்பதில்லை. ஆகவே அரச காணி உரிமை பற்றிய கோப்புக்கு 'இனி யாரும் கேட்கமாட்டார்கள்' என்ற நாள் வராது. நிரந்தரமாக வைத்திருக்கும் வகையில் போடுங்கள். பிள்ளைகள்: காயம்பட்டவர் பராயமடையாதவர் என்றால் அவரது காலவரம்பு 18 வயதுக்குப் பிறகே ஓடும். மூன்று வயதுக் குழந்தை சம்பந்தப்பட்ட கோப்பை மற்றவற்றோடு சேர்த்து எண்ணக்கூடாது. பிறந்த திகதியை முடிவுச் சீட்டில் எழுதுங்கள். குற்றவியல்: 1979 இன் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456ஆம் பிரிவின்படி கொலைக்கும் இராசத்துரோகத்துக்கும் வழக்குத் தொடரக் கால எல்லையே இல்லை. விசேட ஏற்பாடில்லாத ஏனைய குற்றங்களுக்குக் குற்றம் நடந்ததிலிருந்து 20 வருடம். "குற்றச்சாட்டுப் பத்திரம் தாக்கல் செய்வதில்லை" என்று முடிவான கோப்புகள் பெறுமதியற்றவை போலத் தெரியும். புதுச் சாட்சியம் வந்தால் முதலில் தேடப்படுவது அவைதான்.

வடக்கு கிழக்குக் கோப்புகளுக்குத் தனிப் பந்தி வேண்டும். போர்க்காலத்தில் அங்கே பல கச்சேரிகளின் (மாவட்டச் செயலகங்களின்), நீதிமன்றங்களின் ஏடுகள் அழிந்தன. கொழும்பு அலுவலகத்தின் கோப்பில் கிடக்கும் பிரதியே இன்று அந்த ஆவணத்தின் ஒரே சாட்சியாக இருக்கலாம். 2016 இன் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் நீதிமன்றம் செல்ல முடியாதவர்களின் அசையா ஆதன உரிமையைக் கருதிக் கொண்டுவரப்பட்டது. அந்தக் காலக் காணிக் கோப்பில் 'மேலதிகப் பிரதி' என்று எதையும் கிழிக்க வேண்டாம். ஆட்கொணர்வு மனுக்கள், காணாமலாக்கப்பட்டோர் பற்றிய கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை அழிப்புப் பட்டியலில் சேர்ப்பதற்கு எந்தக் காரணமும் போதாது என்பதே எங்கள் கருத்து. அட்டவணை எழுதும்போதே நிரந்தர வகையில் போட்டுவிடுங்கள்.

ஒரு பெயர், மூன்று மொழி

கோப்பு தொலைவதைவிட, எந்தக் கோப்பு எங்கே என்று காட்டும் கோப்புச் சுட்டியில் தொலைவது அதிகம். ஞானசேகரம் என்ற ஒருவரைத் தமிழில் 'ஞா', சிங்களத்தில் ஒலிக்கேற்ப ஒரு விதம், ஆங்கிலத்தில் 'ஜி' எழுத்திலோ 'என்' எழுத்திலோ என்று மூன்று பேர் மூன்று இடத்தில் பதிந்திருப்பார்கள். சண்முகநாதன் 'எஸ்', 'எஸ்.எச்.' இரண்டிலும் இருப்பார். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் வருவதால், சிங்கள முறைக்குப் பழகியவர் முதலெழுத்தையும் பெயரையும் மாற்றிப் பதிவதும் உண்டு.

இதற்குச் சுலபமான மாற்று: கோப்புச் சுட்டியில் ஒரு நிரலில் மனுவில் உள்ளபடியே பெயர், அடுத்ததில் ஆங்கில எழுத்துக்கூட்டல், மூன்றாவதில் தெரிந்த மாற்று எழுத்துகள். அடையாள அட்டை இலக்கம் கோப்பில் இருந்தால் அதையும் சேருங்கள், அதற்கு எழுத்துக்கூட்டல் இல்லை. ஆனால் அந்த நிரல் எல்லோர் கணினியிலும் தெரியக்கூடாது. அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் இந்த வேலை எப்படியும் உங்களிடம் வரும், முன்கூட்டியே நிரல்களைப் போட்டுவிடுவது நல்லது.

பதிவறை

கொழும்பில் வெளியே ஈரப்பதன் பெரும்பாலான நாட்களில் 75 வீதத்துக்கு மேல். பூஞ்சைக்கு 65, 70 வீதம் போதும். அறைக்குள் 60ஐ ஒட்டி வைத்திருக்க முயலுங்கள். ஈரப்பதன்மானி ஒன்றை வாங்கிக் கதவுக்கு எதிர்மூலையில் மாட்டி, காலையும் மாலையும் எழுதுங்கள். குளிரூட்டியைப் பகலில் போட்டு மாலையில் நிறுத்துவது, போடாமல் விடுவதைவிட மோசமாகலாம். குளிர்ந்த தாளின் மேல் இரவுக் காற்றின் ஈரம் படியும். இரவிலும் ஓட்ட முடியாவிட்டால் குளிரூட்டியை விட்டு, ஈரமுறிஞ்சியும் காற்றோட்டமும் வையுங்கள்.

கீழ்த் தட்டு தரையிலிருந்து 15 சென்டிமீற்றராவது உயர்ந்திருக்க வேண்டும். அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு கை நுழையும் இடைவெளி விடுங்கள், கறையான் மண்பாதை தெரிவது அந்த இடைவெளியில்தான். குளியலறைக் குழாய் போகும் சுவர்ப்பக்கம் எதையும் வைக்காதீர்கள். இறுக்கமாக அடுக்கிய ஒரு மீற்றர் தாள் ஏறத்தாழ 50 கிலோ, பழைய மரத் தட்டு அதைத் தாங்காது.

தாள் நனைந்தால் 48 மணித்தியாலத்துக்குள் உலர வேண்டும், பிறகு பூஞ்சை பிடிக்கும். வெயிலில் போடாதீர்கள், மை ஓடும், தாள் சுருளும். மின்விசிறிக்குக் கீழே, அரை அங்குலத்துக்கு மேற்படாத கட்டுகளாக, இடையில் எழுத்தில்லாத வெற்றுத் தாள் வைத்துப் பரப்புங்கள். நாப்தலீன் உருண்டை பூச்சியை ஓரளவு விரட்டும், அறையில் இருப்பவரையும் சேர்த்து விரட்டும். அதைவிட மூன்று மாதத்துக்கொருமுறை கீழ்த் தட்டுகளை எடுத்துத் துடைப்பது பலன் தரும். மே மாதத் தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒரு தடவை கூரையையும் பீலியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கோப்பு வெளியே போகும்போது அதன் இடத்தில் அட்டை ஒன்று நிற்க வேண்டும்: யாரிடம், எந்த நீதிமன்றத்துக்கு, எப்போது. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் நீதிமன்ற விடுமுறைகளில் வெளியே நிற்கும் அட்டைகளை எண்ணி, கோப்புகளைத் திருப்பிக் கேளுங்கள்.

அழிப்பு, படிப்படியாக

1. ஆண்டுக்கொருமுறை, ஓகஸ்ட் விடுமுறையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவுச் சீட்டில் அந்த ஆண்டு வந்துவிட்ட கோப்புகளை வெளியே எடுங்கள்.

2. பட்டியல் தயாரியுங்கள். நிரல்கள்: தொடர் இலக்கம், கோப்பு இலக்கம், பொருள், திறந்த திகதி, கடைசித் தாளின் திகதி, அட்டவணை வகை, தகுதிபெற்ற திகதி, அசல்கள் திருப்பப்பட்டனவா, தடைப் பரிசோதனை, முடிவு. பொருள் நிரலில் "கடிதங்கள்", "பலவகை" என்று எழுதினால் அந்த வரி செல்லாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் என்றென்றும் இருக்கப்போவது என்பதால், பாதிக்கப்பட்டவரின் பெயர் போன்ற விபரங்கள் அதில் வேண்டாம்.

3. தடைப் பரிசோதனை. ஒவ்வொரு இலக்கத்தையும் மூன்று பேரிடம் கேட்க வேண்டும். தகவல் அலுவலரிடம்: கோரிக்கையோ மேன்முறையீடோ நிலுவையிலுண்டா? பதில் அனுப்பியதோடு கோரிக்கை முடிந்துவிடாது. குறித்தளிக்கப்பட்ட அலுவலர் (அலுவலகத்துக்குள் மேன்முறையீட்டைப் பார்ப்பவர்), தகவலுரிமை ஆணைக்குழு, மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போகலாம், அதுவரை அழிக்கக்கூடாது. நிலுவையிலிருக்கும்போது அழித்தால் தகவலுரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின் கீழ் 50,000 ரூபா வரை தண்டம், 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். வழக்குப் பிரிவிடம்: தொடர்புள்ள வேறு வழக்கு உண்டா? கணக்காளரிடம்: கணக்காய்வு ஐயவினா ஏதும் நிலுவையிலுண்டா? மூவரும் எழுத்தில், திகதியோடு பதிலளிக்க வேண்டும். தொலைபேசியில் வந்த "ஓமோம், ஒண்டுமில்ல" பதிலல்ல.

4. மூன்று பேர் கொண்ட குழு கோப்புகளைத் திறந்து பார்க்கட்டும். பட்டியல் தயாரித்தவர் குழுவில் இருக்கக்கூடாது. ஒருவர் அந்தத் துறை தெரிந்த சட்டத்தரணியாக இருக்க வேண்டும். மணித்தியாலத்துக்குப் பதினைந்து கோப்புக்கு மேல் பார்த்தார்கள் என்றால் பார்க்கவில்லை என்றே அர்த்தம். முன்மாதிரித் தீர்ப்பைப் பெற்ற வழக்கு, சட்டத்தின் பொருள்கோடல் பற்றிய ஆலோசனை, நாடறிந்த சம்பவம் ஆகியவை காலம் முடிந்தாலும் அழிப்புக்கல்ல, சுவடிக்கூடத்துக்கு.

5. பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் குழுவின் கையொப்பம். கடைசி வரிக்குக் கீழே கோடு கீறி, "மொத்தம் 143 கோப்புகள்" என்பதுபோல எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். பிறகு யாரும் ஒரு வரியைச் சேர்க்க முடியாது. அலுவலகத் தலைவரின் கடிதத்தோடு சுவடிகள் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். சில கோப்புகளைத் தங்களுக்கு வேண்டும் என்று அவர்கள் குறிப்பிடலாம்.

6. அனுமதி வர மாதங்கள் செல்லலாம். வந்ததும், அழிக்கும் நாளுக்கு முந்திய நாள் மூன்றாவது படியைத் திரும்பச் செய்யுங்கள். இடைக்காலத்தில் புதிய கோரிக்கை வந்திருக்கும். பலர் தவறவிடுவது இந்த இரண்டாவது பரிசோதனையைத்தான்.

7. அழியுங்கள். சட்டக் கோப்புக்கு நாடாவாக வெட்டும் இயந்திரம் போதாது, நாடாக்களை ஒட்டிச் சேர்த்து வாசிக்கலாம். டின் 66399 என்ற ஜெர்மன் தரத்தில் பி-4, அதாவது ஒரு துண்டு 160 சதுர மில்லிமீற்றருக்கு மேற்படாத குறுக்குவெட்டு. பத்துத் தாள் விழுங்கும் அலுவலக இயந்திரத்துக்கு ஒரு மீற்றர் தாள், அதாவது கிட்டத்தட்ட 10,000 தாள், ஆயிரம் தடவை. இடையிடையே அது சூடேறி நிற்கும். நாளொன்றுக்கு ஒரு மீற்றர் என்று திட்டமிடுங்கள். அதற்கு மேல் இருந்தால் வெளி நிறுவனத்திடம் கொடுக்கலாம். அப்போது சாக்குகளை இலக்கமிட்டு, முத்திரையிட்டு, நிறை பார்த்து அனுப்ப வேண்டும். இரண்டு உத்தியோகத்தர்கள் கூடவே போய்க் கடைசிச் சாக்கு வெட்டப்படும் வரை நிற்க வேண்டும். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு 2.5 கிலோ. போன நிறையும் அங்கே இறங்கிய நிறையும் ஒத்துவராவிட்டால் அங்கேயே கேளுங்கள்.

எரிப்பது வேண்டாம். இறுக்கிக் கட்டிய கோப்பு விளிம்பில் கருகி நடுவில் அப்படியே இருக்கும். பாதி எரிந்த பக்கங்கள் காற்றில் அடுத்த வளவுக்குப் போகும். பழைய பேப்பர்காரரிடம் வெட்டாத தாளைக் கிலோவுக்கு விற்பது அதைவிட மோசம். காலி முகத்திடலில் கடலைச் சுருளை விரித்தால் யாரோ ஒருவரின் விடைத்தாள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சத்தியக்கடதாசியும் அப்படிப் போகும்.

8. அன்றே அழிப்புச் சான்றிதழ் எழுதுங்கள்: பட்டியல் இலக்கம், அனுமதிக் கடித இலக்கம், இடம், முறை, தொடங்கிய முடிந்த நேரம், மொத்த நிறை, பார்த்திருந்த இருவரின் பெயர், பதவி, கையொப்பம். அழிக்காமல் எடுத்து வைத்த கோப்பு ஒன்றாவது இருந்தால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள்.

கணினியில் கிடப்பவை

கடதாசிக் கோப்பை அழித்து, வருடிய பிரதி சேவையகத்தில் இருந்தால் ஆவணம் அழியவில்லை. மாறாக, வருடிவிட்டோம் என்பதற்காக அசலை அழிக்கும் அனுமதியும் கிடைத்துவிடாது. பட்டியலில் ஒரு நிரலைச் சேர்த்து, மின்பிரதி எங்கெங்கே என்று எழுதுங்கள்: சேவையகம், மின்னஞ்சல், சட்டத்தரணியின் மடிக்கணினி, பென் டிரைவ், வாட்ஸ்அப் குழு. போட்டோப்பிரதி இயந்திரத்துக்குள்ளும் வன்தட்டு உண்டு. குத்தகை முடிந்து அதைத் திருப்பிக் கொடுக்கும்போது தட்டை அழிக்கவோ கழற்றவோ வேண்டும். பழைய சுழல் தட்டை மேலெழுதி அழிக்கலாம், எஸ்.எஸ்.டி. வகையை மேலெழுதுவது மட்டும் போதாது, உடைத்துவிடுங்கள்.

பேண வேண்டிய பழைய மின்கோப்புகளுக்கு வேறு நோய். 2010க்கு முந்திய தமிழ்க் கடிதங்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. தேடலிலும் சிக்காது, வெற்றுக் கோப்பு என்று யாராவது அழித்தும் விடுவார்கள். யுனிகோடுக்கு மாற்றிய பிரதியையும், மூலத்தைப் பி.டி.எப்.பாகவும் சேர்த்து வையுங்கள். மாற்றும்போது கொம்புக் குறிகள் இடம்மாறும், பெயர்களையும் திகதிகளையும் கண்ணால் ஒப்பிடுங்கள்.

தேடியும் கிடைக்காத கோப்பு

முதலில் இலக்கம் மாறி அடுக்கப்பட்டதா என்று பாருங்கள்: 1247க்கு 1274, சென்ற ஆண்டின் அதே இலக்கம், அதே பெயருள்ள வேறு வழக்கு. அடுத்து கடைசி வெளியேறல் அட்டை. ஒரு கிழமையில் கிடைக்காவிட்டால் அலுவலகத் தலைவருக்கு எழுத்தில் அறிவித்து மீளமைக்கத் தொடங்குங்கள். நீதிமன்றப் பதிவகத்திலிருந்து வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதி, அறிவுறுத்திய திணைக்களத்தின் கோப்பு, எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பித்த பிரதிகள். கோப்பின் மேலட்டையில் "மீளமைக்கப்பட்டது" என்றும் ஒவ்வொரு தாளிலும் எங்கிருந்து வந்தது என்றும் எழுதுங்கள். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 90ஆம் பிரிவு, முறையான காவலிலிருந்து வரும் 30 வருடம் பழைய ஆவணத்துக்கு, அது உண்மையானது என்ற ஓர் ஊகத்தைத் தருகிறது. காவலின் சங்கிலி எங்கே அறுந்தது என்பதை மறைத்தால் அந்த ஊகத்தையே இழக்க நேரிடும். அழிப்புப் பட்டியலில் கோப்பைப் பின்திகதியிட்டுச் சேர்த்துச் சமாளிப்பது தொலைந்ததைவிடப் பெரிய பிழை.

ஒழுங்காக அழிக்கப்பட்ட கோப்பு என்றால், கோப்புச் சுட்டியிலிருந்து அதன் வரியை நீக்க வேண்டாம். வரிக்கு எதிரே சிவப்பு மையில் "அழிக்கப்பட்டது", பட்டியல் இலக்கம், வரி இலக்கம், திகதி என்று எழுதுங்கள். கணினியிலும் அதேபோல ஒரு நிரல் வையுங்கள். பதினைந்து வருடம் கழித்துத் தகவலுரிமைக் கோரிக்கை ஒன்று வந்தால், தகவல் அலுவலர் அந்த வரியைப் பார்த்து, அனுமதிக் கடிதத்தினதும் சான்றிதழினதும் பிரதியை 14 வேலை நாளுக்குள் அனுப்பிவிடலாம்.